மூவாயிரம் லூமன் டார்ச்சும் ஒரு கும்மிடிப்பூண்டிப் பயணமும்

போன செவ்வாய்க்கிழமை கடம்பத்தூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குத் தனியாகப் போய் வந்தேன். வீட்டில் சிறுவாபுரி முருகன் கோயிலுக்கு என்று சொல்லியிருந்தேன். உண்மையில் போனது கால் உடைந்து கிடக்கும் ஒரு லாரி டிரைவரைப் பார்க்க.

என் வீட்டுக்காரர் அங்கே சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் இரும்புக் கம்பெனியின் கேட்டில் செக்யூரிட்டி. சுற்றுச்சுவர் ஓரமாகப் பாம்பை மிதிக்கப் போனேன் என்று அவர் சொன்னதும், வீடியோக்கள் பார்த்துத் தேடி, ஆன்லைனில் ஒரு டார்ச் வாங்கினேன். கைக்குள் அடங்கும், மூவாயிரம் லூமன் வெளிச்சம். துப்பாக்கிக் குழலில் பொருத்த ஒரு கிளாம்பும் பெட்டியில் இருந்தது. நமக்கு ஏது துப்பாக்கி என்று அதை எடுத்து வைத்துவிட்டேன். எதிரே நிற்பவரின் கண்ணைக் கூசவைக்கவே செய்த விளக்கு என்பது அப்போது உறைக்கவில்லை.

வெளிச்சத்தைக் கூட்ட நாலு தடவை பட்டன் அமுக்கும் பொறுமை அவருக்குக் கிடையாது. அதனால் எப்போது போட்டாலும் முழு வெளிச்சத்தில் எரியும்படி நானே செட் செய்து கொடுத்தேன். அவரிடம் சொல்லவில்லை.

அந்தக் கேட்டில் லைசென்ஸ் போட்டோவையும் டிரைவர் முகத்தையும் ஒத்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். ஒரு ராத்திரி இவர் டார்ச்சை முகத்தில் அடித்ததும் கண் இருண்டு, கேபினிலிருந்து இறங்கிய டிரைவரின் கால் படியைத் தவறவிட்டது. கணுக்கால் எலும்பு முறிவு. வேண்டுமென்றே அடித்தார் என்று டிரைவர் சொல்ல, காண்டிராக்டர் இவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். டிரைவர் சொல் மாறினால்தான் வேலை. இவரோ சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை.

காலை 6.20 ரயில். கும்மிடிப்பூண்டிக்கு நேராகவே டிக்கெட் கிடைக்கும், 20 ரூபாய். சென்ட்ரல் வரை போக வேண்டாம். பேசின் பிரிட்ஜில் 7.40க்கு இறங்கி, 8.05க்கு அடுத்த வண்டி. 9.20க்குக் கும்மிடிப்பூண்டி. ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோக்காரர் என் கைப்பூவைப் பார்த்துவிட்டு, "சிறுவாபுரியா அக்கா?" என்றார்.

"இல்லப்பா, சிப்காட்டு."

"பூ வாங்கிக்கினு சிப்காட்டுக்கா? அங்க எந்த சாமி கீது?"

சிரிக்க முடியவில்லை. முருகனை முதலில் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் பூ வாங்கியிருந்தேன். இந்தத் தப்பை மனதில் வைத்துக்கொண்டு அவன் முன்னால் எப்படி நிற்பது? ஆட்டோ 20 ரூபாய், ஆப்பிள் ஒரு கிலோ 180.

சிப்காட்டை ஒட்டிய தன் அறையில் டிரைவர் மாவுக்கட்டுக் காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தார். நான் யாரென்று சொன்னதும் முகம் மாறியது.

"கேட்காரரு ஊட்டம்மாவா? எழுதிக் குடுன்னு கேக்க வந்தியா?"

"இல்லண்ணா. அந்த லைட்ட அப்படி செட் பண்ணது நானு. அவருக்கே தெரியாது."

"இன்னாம்மா கதை வுடுற? பாஸ் இல்லன்னு போன வாரம் என்னை ஒரு மணி நேரம் வெளிய நிக்க வச்சாரு, நானும் சண்ட போட்டேன். அந்தக் காண்டு தான்."

பையிலிருந்து டார்ச்சை எடுத்தேன். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "தாயே, இருக்கறது ரெண்டு கண்ணு தான்!"

சுவரைப் பார்த்துப் போட்டேன். பட்டப்பகலில் அறை வெளுத்தது. வெளிச்சத்தைக் குறைத்து, அணைத்து, மறுபடி போட்டேன். மறுபடியும் முழு வெளிச்சம். இன்னொரு தடவை காட்டச் சொன்னார். காட்டினேன்.

தானே டார்ச்சை வாங்கிச் சுவரில் அடித்துப் பார்த்தார். "வுழுந்ததும் ஓடியாந்து, 'ஐயோ கண்ணு கூசிடுச்சா'ன்னு கேட்டாரு. நடிக்கறாருன்னு நெனச்சிக்கினேன்." பிறகு போனை எடுத்துக் காண்டிராக்டரிடம், "அவரு வேணும்னு செய்யல சார், லைட்டே அப்படி" என்றார்.

நான் கை கூப்பினேன்.

"கும்புடாத. என் காலு இன்னும் உடஞ்சி தான் கீது. இனிமேலாவது யாரு மூஞ்சிலயும் அடிக்க வேணாம்னு சொல்லு."

அவர் மன்னித்ததாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு வாரம் அவருக்கு வண்டி இல்லை.

இந்த மாதிரி டார்ச் வாங்குகிறவர்களுக்கு: குறைந்த வெளிச்சத்தில் தொடங்கும்படி வையுங்கள். தரையில் அடியுங்கள்; தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்திலேயே முகம் தெரியும். வாங்கிக் கொடுத்தால் பழக்கியும் கொடுங்கள். செவ்வாயன்று சிறுவாபுரிக் கூட்டத்தால் ஆட்டோ கிடைப்பது கஷ்டம், சீக்கிரம் கிளம்புங்கள்.

நான் கோயிலுக்குப் போகாமலே திரும்பினேன். பூவை ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். மாலை 3.10க்கு வீடு. வீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார். திருநீறு இல்லாத என் நெற்றியைப் பார்த்தார், பையில் துருத்திக்கொண்டிருந்த டார்ச்சைப் பார்த்தார். வேலையைப் பற்றிக் கேட்பார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"அவரு காலு எப்பிடி கீது?" என்றார்.