பதினோராம் எண்ணில் திறந்த கதவு

முருகம்மாள் சிவகாசியிலிருந்து விருதுநகர் போகும் சாலையில் இருந்த ஓர் அச்சகத்தில் புரூஃப் தாள்களைச் சுமக்கிற வேலை பார்த்தாள். டிசைன் ரூமில் தயாராகும் பட்டாசு லேபிள் மாதிரிகளை அச்சுக்குப் பிளேட் போடும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே கையெழுத்து வாங்கித் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஆனைக்குட்டத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி. ஐந்தாம் வகுப்பு வரை படிப்பு. அச்சகத்துக்கு வரும் முன் பத்து வருஷம் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியவள்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு தை மாதத்தில் டிசைன் ரூம் கதவில் ஒரு சிறிய கறுப்புப் பெட்டியைப் பொருத்தினார்கள். கார்டைக் காட்டினால் பெட்டி ஒரு தடவை கத்தும், கதவு திறக்கும். யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார் என்பது டைம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏறிவிடும். வெளியே வருவதற்குக் கார்டு வேண்டாம், உள்ளே இருக்கும் பொத்தானை அமுக்கினால் போதும். மொத்தம் பதினொரு பேருக்குக் கார்டு கொடுத்தார்கள். பத்துப் பேர் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள். பதினோராவது முருகம்மாள். பிளாஸ்டிக் உறையில் முன்பக்கம் அவள் போட்டோ, அதற்குப் பின்னால் கார்டு. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் வரும்போது சேலைக்குள் மறைக்காமல்தான் வருவாள்.

வைகாசி மாதம் ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி அச்சகத்துக்கு வந்து மேனேஜர் லட்சுமிகாந்தத்தின் மேசை மேல் ஒரு மத்தாப்புப் பெட்டியைப் போட்டார். தீபாவளிக்கென்று அவர் ஆர்டர் கொடுத்திருந்த லேபிள் அது, ஒரு சிறுமி தீப்பொறிக் குடை பிடித்து நிற்கிற படம். ஆனால் பெட்டியில் இருந்தது வேறொரு கம்பெனியின் பெயர். அவருடைய லேபிள் இன்னும் பிளேட்டுக்கே போகவில்லை.

லட்சுமிகாந்தம் டைம் ஆபீஸ் கிளார்க் செய்யது அபுதாஹிரைக் கூப்பிட்டுக் கதவுக் கணக்கை எடுக்கச் சொன்னார். அபுதாஹிர் விருதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவர், பேச்சு குறைவு. மூன்று நாட்கள், சாப்பாட்டு நேரத்தில், அறையில் ஆளே இல்லாதபோது ஒரே ஒரு கார்டு உள்ளே போயிருந்தது. மூன்று தடவையும் பதினோராம் எண்.

முருகம்மாளை நிற்க வைத்துக் கேட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் தான் டிசைன் ரூம் பக்கமே போனதில்லை என்றாள். ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் பைண்டிங்கில் வேலை பார்க்கும் ரோஜாவோடுதான் தினமும் சாப்பிடுவேன், அவளைக் கேளுங்கள் என்றாள். ரோஜாவைக் கூப்பிட்டார்கள். அந்த மூன்று தேதிகளையும் சொல்லி மேனேஜர் கேட்டபோது, ரோஜா தரையைப் பார்த்தபடி, ஞாபகம் இல்லை என்று சொன்னாள்.

அந்த ஒரு சொல் முருகம்மாளுக்குள் இறங்கிவிட்டது. கை கழுவப் போகும்போதெல்லாம் கார்டை யாரிடம் கழற்றிக் கொடுத்தோம்? ரோஜாவிடம். ரோஜாவின் தம்பி எங்கே வேலை பார்க்கிறான்? இன்னொரு அச்சகத்தில். ஒன்றோடொன்று தானாகவே போய் ஒட்டிக்கொண்டது. மறுநாள் காலையில் மேனேஜர் அறைக்குப் போய் அதைச் சொல்லிவிட்டு வந்தாள். அன்று சாயங்காலத்திலிருந்து கேட்டில் ரோஜாவின் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து பார்த்து அனுப்பினார்கள். ஒரு வாரம் பொறுத்த ரோஜா, அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை. வராமல் போனதே முருகம்மாளுக்குச் சாட்சியாகத் தெரிந்தது. ஆனால் மேனேஜருக்கு அப்படித் தெரியவில்லை. யார் கையில் கொடுத்திருந்தாலும் கார்டு உன்னுடையதுதானே என்றார்.

வீட்டில் வேறு விதமாகப் போனது. அவள் புருஷன் நாகையா வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன். விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபடி கேட்டான்.

"சாப்பாட்டு நேரத்துல நீ அந்த ரூம்ல இல்ல. ஒங்கூடச் சாப்பிட்டவளும் தெரியலங்கா. அப்ப நீ எங்கதான் இருந்த?"

திருட்டுப் பட்டத்தோடு வந்தவளுக்கு இந்தக் கேள்வி எதிலிருந்து முளைத்தது என்று புரியவே சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் கழித்து, மதியம் சாப்பிட்டுவிட்டுக் கேட் பக்கம் வந்தபோது, சாலைக்கு அந்தப்புறம் டீக்கடை ஓரத்தில் நாகையா நிற்பதைப் பார்த்தாள். வேலை நாள். அவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் அவன் திரும்பி நடந்தான்.

அதன் பிறகு அவள் யாரையும் நம்பவில்லை. அபுதாஹிரையும்தான். கம்ப்யூட்டர் அவர் கையில் இருக்கிறது, பதினொன்று என்று அவரே தட்டியிருந்தால் யாருக்குத் தெரியும்? ஒருநாள் அவரிடமே கேட்டாள். அவர் கோபப்படவில்லை. அவள் கார்டை வாங்கித் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த நீள எண்ணைக் காட்டினார்.

"கதவு ஒம் மொகத்தப் பாக்காதும்மா. இந்த நம்பர மட்டுந்தான் பாக்கும். இதே நம்பர் இன்னொரு கார்டுல இருக்காதுன்னு மிஷின் வித்தவன் சொல்லிட்டுப் போனான்."

"அவன் சொன்னத நீங்க சோதிச்சுப் பாத்தீகளா, பாய்?"

அபுதாஹிர் இல்லை என்று தலையசைத்தார். அன்று பஸ்ஸில் விருதுநகர் போய்ச் சேரும் வரை அந்தக் கேள்வி தன்னோடு வந்தது என்று பின்னால் சொன்னார்.

முருகம்மாள் அன்றிரவே ஒரு வழி யோசித்து, மறுநாள் மேனேஜரைத் தனியாகப் பார்த்தாள். கார்டை உறையிலிருந்து உருவி அவர் மேசையில் வைத்தாள். இதைக் கவரில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் நீங்களே கையெழுத்துப் போட்டு, உங்கள் இரும்பு அலமாரியில் பூட்டிவையுங்கள். டைம் ஆபீஸ் அபுதாஹிர் பாய் உட்பட யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றாள். உறையில் போட்டோவுக்குப் பின்னால் அதே அளவுக்கு ஓர் அட்டையை வெட்டிச் செருகிக்கொண்டாள். தாள்களோடு வரும்போது அவள் இரண்டு கையும் நிறைந்துதான் இருக்கும். கதவைக் காலால் தட்டுவாள், உள்ளிருந்து யாராவது திறப்பார்கள். அதனால் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

லட்சுமிகாந்தம் இதற்குச் சம்மதித்தது அவளை நம்பியதால் அல்ல. கார்டு அலமாரியில் இருக்கும்வரை கதவு திறக்காது, திருட்டும் நிற்கும், அதை வைத்தே அவளை வேலையை விட்டு அனுப்பலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். அதை அவளிடம் ஒளிக்கவும் இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் அவர் தினமும் அபுதாஹிரின் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தார். காரணம் தெரியாத அபுதாஹிர், தன்மேல்தான் சந்தேகம் என்று நினைத்துச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்திருந்தார். முருகம்மாளை மேனேஜர் தன் கண்ணில் படும்படி எதிர்ப்பக்க நடையில் உட்கார்ந்து சாப்பிடச் சொல்லியிருந்தார். ஐந்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஆறாவது நாள், ஒன்று இருபதுக்குத் திரையில் புது வரி ஒன்று ஏறியது. பதினோராம் எண்.

லட்சுமிகாந்தம் நடையைப் பார்த்தார். முருகம்மாள் சோற்றில் கை வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். கவர் இருந்தது, கையெழுத்து குலையாமல் இருந்தது, கிழித்துப் பார்த்தால் உள்ளே கார்டும் இருந்தது. அபுதாஹிரிடம் இரண்டு வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னார். மூவரும் டிசைன் ரூமுக்குப் போனார்கள்.

உள்ளே சீனிச்சாமி இருந்தான். அங்கே ஏழு வருஷமாக டிசைன் போடுகிறவன், முருகம்மாள் 'சார்' என்று கூப்பிடுகிற ஆள். அவன் உட்கார்ந்திருந்தது தன் இடத்தில் அல்ல, சீனியர் டிசைனரின் கம்ப்யூட்டரில். ஒரு படத்தில் திருத்தம் பார்க்க வந்ததாகச் சொல்லித் தன் கார்டை எடுத்து நீட்டினான். அவன் எண் நான்கு. அந்த எண் காலை பத்து மணிக்குப் பிறகு கதவில் பதிவாகவே இல்லை என்று அபுதாஹிர் சொன்னார். கதவு ஏற்கெனவே திறந்து கிடந்தது என்றான் அவன்.

முருகம்மாள் அவன் கையைப் பார்த்தாள். பைக் சாவியை விரலில் மாட்டியிருந்தான். சாவிக்கொத்தில் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் வில்லை தொங்கியது, நாவற்பழம் அளவுக்கு. கதவு நம்பரை மட்டுந்தான் பார்க்கும் என்று அபுதாஹிர் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது; அந்த நம்பர் கார்டில்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

"பாய், அந்தச் சாவிய வாங்கிப் பெட்டிகிட்டக் காட்டுங்க," என்றாள்.

சீனிச்சாமி கொடுக்கவில்லை. மேனேஜர் கை நீட்டிய பிறகுதான் கொடுத்தான். வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டு, அபுதாஹிர் அந்த வில்லையைக் கறுப்புப் பெட்டிக்கு நேரே பிடித்தார். பெட்டி கத்தியது, கதவு திறந்தது. போய்ப் பார்த்தபோது டைம் ஆபீஸ் திரையில் முருகம்மாளின் பெயரும், அதன் பக்கத்தில் அவள் போட்டோவும் வந்து நின்றன.

அதற்குப் பிறகு சீனிச்சாமி ஒப்புக்கொண்டான். சென்னையில் எலக்ட்ரானிக் சாமான் விற்கிற தெருவில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி வாங்கியிருக்கிறான். அதன் முன்னால் கார்டை அரை நிமிஷம் பிடித்தால் போதுமாம், அதே எண்ணை இன்னொரு வில்லையில் ஏற்றிவிடுமாம். அதைக் கேட்டபோதுதான் முருகம்மாளுக்கு நினைவு வந்தது. பங்குனி மாதத்தில் ஒருநாள், போட்டோ சரிந்திருக்கிறது, சரியாக வைத்துத் தருகிறேன் என்று சீனிச்சாமி அவள் உறையை வாங்கிப் பக்கத்து அறைக்குப் போய்வந்தான். அவ்வளவு பெரிய ஆள் தனக்காக மெனக்கெடுகிறாரே என்று அன்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. இத்தனை நாள் யார் யாரையோ நினைத்தவள், அவனை ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

வெளியே தெரிந்தால் ஆர்டர் போய்விடும் என்று அச்சக முதலாளி போலீசுக்குப் போகாமல் சீனிச்சாமியை வேலையிலிருந்து மட்டும் எடுத்தார். அபுதாஹிர் எல்லாக் கார்டுகளையும் ரத்து செய்து, இரண்டு வாரம் நோட்டில் கையெழுத்து வாங்கிக் கதவைத் திறந்துவிட்டார். மேனேஜர் முருகம்மாளிடம், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே என்றார். நாகையாவிடம் நடந்ததை எல்லாம் சொன்ன அவள், டீக்கடை ஓரத்தில் நின்று எதைப் பார்த்தீக என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். டீ குடிக்க வந்தேன் என்றான். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. ஆனால் அதன் பிறகு அவன் எங்கே போய்விட்டு வந்தாலும், எங்கே போனீக என்று கேட்கிற பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது.

ரோஜாவை ஆடி மாதம்தான் பார்க்க முடிந்தது. அவள் வெம்பக்கோட்டையில் ஒரு கம்பெனியில் திரி வெட்டும் வேலையில் சேர்ந்திருந்தாள். முருகம்மாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டைத் தேடிப் போனாள். ரோஜா உள்ளே கூப்பிட்டாள், தண்ணீர் கொடுத்தாள். பட்டாசு மருந்து படிந்த விரல்களைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். முருகம்மாள் நடந்ததைச் சொல்லி, மறுபடி அச்சகத்துக்கு வா, மேனேஜரிடம் நான் பேசுகிறேன் என்றாள்.

"வேண்டாங்க்கா. எனக்கு இங்கன பழகிருச்சு."

"ஞாபகம் இல்லன்னு ஏம்ளா சொன்ன? அதுதான எல்லாத்துக்கும்..."

ரோஜா சற்று யோசித்தாள். "நெசமாவே ஞாபகம் இல்லக்கா. என்னைக்கு யாருகூட உக்காந்து சாப்பிட்டோம்னு தேதி வச்சா நெனச்சுக்கிட்டு இருப்பாக? நீங்க எங்கிட்ட வந்து கேட்டிருந்தா இதத்தான் சொல்லிருப்பேன். நீங்க கேக்கவே இல்லியே."

முருகம்மாள் செம்பைக் கீழே வைத்தாள். ரோஜா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று அங்கிருந்து சொன்னாள். மரியாதைக்குத்தான் சொல்கிறாள் என்பது குரலில் தெரிந்தது. சிவகாசி பஸ் வரும் நேரமாகிவிட்டது என்று சொல்லி முருகம்மாள் கிளம்பினாள். பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.