இடைவேளையில் எழுந்து போனவர்

குன்றக்குடியைத் தாண்டியபோது மணி நான்கு இருக்கும். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு போர்வை. காரைக்குடியில் ஏழு மாதம் இருந்துவிட்டு எடுத்துக்கொண்டு வந்தது அவ்வளவுதான். பிள்ளையார்பட்டிக்கு பஸ் இருக்கிறது. நான் நடந்தேன். இதற்கு முன்பு விட்டு வந்த ஊர்களிலெல்லாம் சொல்லும்படி ஒரு காரணம் இருந்தது. வேலை தீர்ந்தது, முதலாளி கை நீட்டினார், காய்ச்சல் வந்தது, இப்படி. ஒரு சினிமாவால் ஊரை விட்டுக் கிளம்புவது இதுதான் முதல் தடவை.

காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அங்கே பரோட்டா போடுகிற மாஸ்டரும் நானும் மாடியில் ஒரே அறை. அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். நான் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன். இரண்டு பேருக்கும் பேச வேறு ஆள் கிடையாது. அவருடைய மனைவியும் மகளும் சிவகங்கையில், மாமியார் வீட்டில் இருந்தார்கள். மகள் பதினொன்றாம் வகுப்பு. ஒன்றரை வருஷமாக அப்பாவிடம் பேசுவதில்லை. ஏன் என்று அவர் சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை. மனைவி போன் பண்ணினால், "பக்கத்துல இருக்காளா?" என்பார். கொஞ்சம் கழித்து, "சரி, சரி" என்று வைத்துவிடுவார்.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. பதினாறு வயதுப் பெண் ஒருத்தியின் கோணங்கித்தனங்களை வைத்து எடுத்த காமெடி. சைக்கிள் கூடையில் சேவலை உட்காரவைத்து அவள் டியூஷனுக்குப் போகிற காட்சித் துண்டைப் போனில் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இது நான் படித்த நாவல். மதுரையில் பழைய பேப்பர் கடையில் இருந்தபோது எடைக்கு வந்த பேப்பர்க் கட்டுக்குள் கிடந்தது. அட்டை இல்லை, முதல் பத்துப் பக்கம் இல்லை. பெயரும் தெரியாது, எழுதியது யார் என்றும் தெரியாது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான். முழுசாகப் படித்து முடித்த புத்தகங்கள் சொற்பம். அதில் அது ஒன்று. பேப்பர் கட்டுகளின் மேல் படுத்துக்கொண்டு தனியாகச் சிரித்திருக்கிறேன்.

கதையில் அந்தப் பெண் பெரிய மனுஷி ஆனதற்குச் சடங்கு வைக்கிறார்கள். அப்பா தெருமுனையில் அவள் படம் போட்டுப் பெரிய பிளெக்ஸ் கட்டுகிறார். அவள் ஏணி வைத்து ஏறி, தன் முகத்துக்குத் தானே மீசை வரைந்துவிடுகிறாள். பிறகு ஒரு அத்தியாயம் வரும். விசேஷம் முடிந்து, அப்பா அந்த பிளெக்ஸைத் தனியாளாக அவிழ்த்துச் சுருட்டித் தூக்கி வருகிறார். எங்கே வைப்பது என்று தெரியாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறார். மழை பிடிக்கிறது. விறகு நனையாமல் அதைப் போட்டு மூடுகிறார், மகள் முகம் மட்டும் நனையாதபடி உள்பக்கமாக மடித்து. அவள் ஜன்னலில் இருந்து பார்க்கிறாள். எனக்கு அந்த அத்தியாயம்தான் மனதில் நின்றது.

"ஞாயித்துக்கிழமை மகளைக் கூட்டிட்டுப் போங்க மாஸ்டர்" என்றேன்.

"அது எங்கிட்டு வரும்?"

"அவுக அம்மாகிட்டச் சொல்லச் சொல்லுங்க. படம்னா வரும்."

வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். நானே போனில் டிக்கெட் போட்டேன். மாஸ்டர் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்து வாங்கினார். கையில் எண்ணெய் வாசம் போய்விட்டதா என்று என்னை மோந்து பார்க்கச் சொன்னார். போகவில்லை. போய்விட்டது என்றேன்.

மூன்று மணி ஷோ, காரைக்குடியில்தான். ஐந்து மணிக்கெல்லாம் மெஸ்ஸுக்கு வந்து பரோட்டாக் கல் அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். அன்றைக்கு அவருக்கு லீவு.

"படம் முடிஞ்சிருச்சா?"

"எனக்கு முடிஞ்சிருச்சு."

அன்றைக்குத்தான் சொன்னார். மகளின் சடங்குக்கு அவரும் பிளெக்ஸ் வைத்திருந்தார். ஊரே பார்க்கட்டும் என்று அவளுடைய பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே. பட்டுச்சேலையும் ஜடையுமாக அவள் நடுவில், ஓரத்தில் கைகூப்பியபடி இவர். பத்து நாள் நின்றதாம். அந்தப் பத்து நாளும் வகுப்புப் பையன்கள் அவளை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று இவருக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை. பேச்சை மட்டும் நிறுத்திவிட்டாள்.

"தியேட்டரே சிரிக்குது. இவளும் சிரிக்குறா, வயித்தைப் புடிச்சுக்கிட்டு. எம்பக்கம் ஒருக்கா திரும்பிப் பாத்துட்டுச் சிரிக்குறா. இடைவேளையில பாப்கார்ன் வாங்கியாரேன்னு எந்திரிச்சேன். அப்பிடியே வந்துட்டேன்."

"பிள்ளையை விட்டுட்டா?"

"பஸ் ஏறத் தெரியாதாக்கும் அவளுக்கு?"

இரவுச் சாப்பாட்டுக் கூட்டம் வருவதற்கு முன் அவர் போனில் ஒரு மெசேஜ் வந்தது. "பாதியில ஏன் போனீக?" ஒன்றரை வருஷத்தில் மகள் அவருக்கு எழுதிய முதல் வரி. மாவுக் கையோடு என்னிடம் நீட்டினார்.

"இது கோவமா, இல்ல சும்மா கேக்குறாளா?"

"எதுவா இருந்தா என்ன மாஸ்டர், பதில் போடுங்க. ரெண்டாம் பாதியில என்ன ஆச்சுன்னு கேளுங்க."

"என்னையக் கேலி பண்ணுன படத்துல என்னத்தடா கேக்கச் சொல்ற?"

பதில் போடவில்லை. தினமும் அந்த வரியைத் திறந்து பார்ப்பார், மூடிவிடுவார். அந்த வாரம் மெஸ்ஸில் சாப்பிட வந்தவர்களெல்லாம் அந்தப் படத்தைப் பற்றியே பேசினார்கள். "நல்ல காரியத்தைப் போயி நக்கல் பண்றாளுக" என்றார் ஒரு பெரியவர். அவர் பேத்தி குனிந்து இலையைப் பார்த்துச் சிரித்தாள். கல்லூரிப் பையன்கள், "முதல் பாதி மாஸு, ரெண்டாம் பாதி தூக்கம்டா" என்றார்கள். கண்ணாடி போட்ட ஒருவர், "நாவலைக் கெடுத்துட்டாங்க" என்று யாரும் கேட்காமலே எல்லாருக்கும் சொன்னார். "சார், அப்ப நீங்க புக்கையே திங்க வேண்டியதுதான, எதுக்குப் பரோட்டா?" என்றான் ஒரு பையன். மாஸ்டர் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் பரோட்டாவை இரண்டு கையாலும் ஓங்கி ஓங்கித் தட்டினார்.

என்னதான் இருக்கிறது என்று புதன்கிழமை நானும் போனேன். நாவலில் அந்த அப்பா ஆரம்பம் முதலே அங்கங்கே வந்துகொண்டிருப்பார், சிரிப்புக்கு நடுவில் செருமிக்கொண்டு. படத்தில் சிரிப்பு முழுவதையும் இடைவேளைக்கு முன்னால் கொட்டிவிட்டு, அவரை அதற்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார்கள். சிரிக்க வந்தவர்களுக்குப் பின்பாதி பிடிக்கவில்லை. முன்பாதியில் அடிபட்டவர்கள் பின்பாதிவரை உட்காரவில்லை. அது ஒன்று. இன்னொன்றும் அங்கே உட்கார்ந்திருந்தபோது தோன்றியது. புத்தகத்தைத் தனியாகப் படிக்கிறோம். அதில் யாரைப் பார்த்துச் சிரித்தாலும் அந்த ஆள் பக்கத்து சீட்டில் இல்லை. தியேட்டரில் இருக்கிறார்.

மீசை வரைகிற இடத்தில் நானும் சிரித்தேன். வாய்விட்டு. மாஸ்டரை நினைத்துக்கொண்டேதான் சிரித்தேன், நிறுத்த முடியவில்லை. பதினைந்து வயதில் அப்பாவிடம் சொல்லாமல் வீட்டை விட்டு வந்தவன் நான். அவர் செத்த செய்தி பதினோரு நாள் கழித்துக் கிடைத்தது. எனக்கு அந்தப் பெண்ணின் பக்கம்தான் இடம் இருந்தது. விறகை மூடுகிற காட்சியும் படத்தில் இருந்தது, ஒரு நிமிஷம். பின்வரிசையில் கொட்டாவி விட்டார்கள். எனக்கு முன்னால் ஒரு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அறைக்கு வந்ததும், "நீயும் சிரிச்சியா?" என்று கேட்டார் மாஸ்டர்.

பொய் சொல்லியிருக்கலாம். "ஆமா மாஸ்டர். ஆனா அதுக்கு அப்புறம்..."

"அந்தப் படத்தைப் பத்தி இனி வாயைத் தொறக்காத."

பாயைச் சுவர்ப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். மறுநாளும் பேசவில்லை, அதற்கு மறுநாளும் பேசவில்லை. எட்டுக்கு எட்டு அறையில் பேசாத ஆளோடு இருப்பதற்குத் தனியாகவே இருந்துவிடலாம். சனிக்கிழமை மதியம் கணக்கை முடித்துக்கொண்டு, "கிளம்புறேன் மாஸ்டர்" என்றேன். "போ" என்றார்.

குன்றக்குடியைத் தாண்டி ஒரு கண்மாய்க் கரையில் உட்கார்ந்திருந்தபோது அவரிடமிருந்து போன்.

"எங்குட்டு இருக்க?"

"பிள்ளையார்பட்டி ரோட்டுல."

 கல்லில் எண்ணெய் பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அந்தப் படத்துல... இடைவேளைக்கு அப்புறம் அந்த அப்பன் என்ன ஆகுறான்? நீதான் பாத்தியே, சொல்லு."

சொல்லத் தொண்டைவரை வந்துவிட்டது. சொன்னால் இன்னும் பத்து நிமிஷம் பேசுவார். "திரும்பி வந்து சேருடா" என்றுகூடச் சொல்வார். பிறகு அவருக்கு மகளிடம் கேட்க எதுவும் இருக்காது.

"சொல்ல மாட்டேன் மாஸ்டர். உங்க மகளும் பாத்திருக்கு. அதுகிட்டக் கேளுங்க."

"உன்னையக் கேட்டா நீ சொல்லேன்டா!"

"மாட்டேன்."

"நன்றிகெட்ட நாயே" என்றார். அதற்கு மேலும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் எழுந்து பைக்குள் போனைப் போட்டுக்கொண்டு நடந்தேன். இருட்டுவதற்குள் பிள்ளையார்பட்டி வந்துவிட்டது. யாத்திரிகர்கள் தங்குகிற ஒரு விடுதி வாசலில் படுக்க இடம் கொடுத்தார்கள்.

காலையில் விடுதிச் சமையல்காரர் வந்து, "காய் நறுக்குவியா?" என்றார். நறுக்குவேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் வரும், உடனே வா என்றார். ஒரு நிமிஷம் என்று ஒதுங்கி மாஸ்டருக்குப் போன் போட்டேன். திட்டினாலும் பரவாயில்லை, குரல் கேட்டால் போதும் என்று இருந்தது. நீங்கள் அழைத்தவர் வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்றது. மனைவி எப்போதும் ராத்திரிதான் கூப்பிடுவார், அதுவும் இரண்டு நிமிஷம். கால் மணி நேரம் கழித்துப் போட்டேன். வேறொரு அழைப்பு. இன்னும் பத்து நிமிஷம் கழித்துப் போட்டபோதும் அதேதான்.

சமையல்காரர் உள்ளேயிருந்து சத்தம் போட்டார். போனை அணைத்துவிட்டு உள்ளே போனேன். இரண்டு சாக்குப் பூசணிக்காய் எனக்காக இறக்கி வைத்திருந்தார்கள். அரிவாள்மணையைக் கழுவி, முதல் காயை எடுத்தேன்.