சமையல் மேடைக்கு ஒரு வெள்ளைக் கல்

சொர்ணம் கல்யாணமாகி பெங்களூர் வந்த புதிதில், பொம்மனஹள்ளியில் அவள் குடியிருந்த தெருவுக்கே ஒரு குழப்பம். என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டால் "பி.எஸ்சி ஜியாலஜி" என்று பளிச்சென்று பதில் வரும். அப்படியென்றால் என்ன என்று கேட்டால், கல்லைப் பற்றிய படிப்பு என்பாள். மறுநாளே எதிர்வீட்டு அம்மாள் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். போட்ட நாளிலிருந்து ஒரு நல்லதும் நடக்கவில்லை, இது அசல் புஷ்பராகம்தானா என்று பார்க்க வேண்டுமாம். சொர்ணம் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். உள்ளே குட்டியாக ஒரு காற்றுக் குமிழி தெரிந்தது. இது கண்ணாடி என்று சொல்லிவிட்டாள். வேறு யாராவது என்றால் கொஞ்சம் மென்று விழுங்கியிருப்பார்கள். சொர்ணத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அந்த அம்மாள் ரொம்ப நாள் அவளோடு பேசவில்லை.

சேலத்துப் பெண். கல்லூரியில் அவள் கேட்டது கணக்கு, கிடைத்தது ஜியாலஜி. முதல் மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனாள். பிறகு ஆய்வுக்கூடத்தில் கல்லைக் கையில் கொடுத்து, இது என்ன என்று நீயே கண்டுபிடி என்றார்கள். அங்கே விழுந்தவள்தான். நிறத்தை நம்பக் கூடாது என்பதுதான் முதல் பாடம். ஒரே குவார்ட்ஸ் வெள்ளையாகவும் வரும், ரோஜா நிறத்திலும் வரும், புகை படிந்த மாதிரியும் வரும். ஆனால் எந்தச் சட்டை போட்டு வந்தாலும் அது கண்ணாடியைக் கீறும், கத்திக்கு அடங்காது, உடைத்தால் சோடா பாட்டில் சில்லு போல வளைந்து வளைந்து உடையும். ஃபெல்ட்ஸ்பார் அப்படியில்லை. அது தட்டையாகப் பிளக்கும், வெயிலில் திருப்பினால் பிளந்த முகம் பளீரென்று ஒளி விடும். மைக்கா நகத்துக்கே ஏடு ஏடாக உரிந்து வரும். ஆளைப் பார்க்காதே, குணத்தைப் பார் என்று இத்தனை நேர்மையாகச் சொல்லித் தருகிற படிப்பு வேறு இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

பெங்களூரில் அந்தப் படிப்பை வைத்து என்ன செய்வது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. ஊர் முழுக்கக் கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்திருந்த காலம். தெருவுக்கு இரண்டு கம்ப்யூட்டர் சென்டர். நீயும் போய்ச் சேர்ந்துகொள் என்று சொல்லாத ஆள் இல்லை. அவள் கணவன் கோவிந்தராஜனுக்கு ஓசூர் ரோட்டில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஆபரேட்டர் வேலை. அவன் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. நீ படித்ததற்கு ஒரு இடம் இல்லாமலா போகும் என்பான். இடம் எங்கே என்று அவனுக்கும் தெரியாது. வேலை கேட்டுப் போன இடங்களில் எல்லாம் டைப்பிங் தெரியுமா என்றார்கள். ஒரு நாள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் நன்றாக அழுதாள். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்து, எனக்கு வேண்டியது கல் வேலைதான், அது வரும்போது வரட்டும் என்று அவனிடம் சொன்னாள்.

தொண்ணூற்றொன்பதில் சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டினார்கள். ஜன்னல், கதவு, பெயின்ட் எல்லாம் கோவிந்தராஜன் பார்த்துக்கொண்டான். சமையல் மேடைக் கல் மட்டும் தன் பொறுப்பு என்று சொர்ணம் சொல்லிவிட்டாள். அந்தத் தெருவில் எல்லார் வீட்டிலும் கறுப்புக் கல். இவளுக்கு வெள்ளை வேண்டும்.

ஓசூர் ரோட்டில் பழனிச்சாமியின் கிரானைட் யார்டு இருந்தது. ஈரோட்டுப் பக்கத்துக்காரர். பாலிஷ் போட்ட பெரிய பெரிய பலகைகளைச் சாய்த்து வரிசையாக நிறுத்தியிருப்பார். சொர்ணம் கைப்பையிலிருந்து ஒரு பேனாக்கத்தியையும் கண்ணாடித் துண்டையும் எடுத்ததும், கல் இறக்கிக்கொண்டிருந்த ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

முதலில் அவர் பச்சை கிரானைட் என்று காட்டிய பலகையின் ஓரத்தில் கத்தியை இழுத்தாள். கோடு விழுந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தாள், சோப்பு மாதிரி வழவழவென்றிருந்தது. இது கிரானைட்டே இல்லை, செர்பென்டைன், அருவாமனை வைத்தால் கீறல் விழும் என்றாள். அடுத்தது வெள்ளைப் பலகை. அதில் அங்கங்கே மாதுளை முத்து போலச் சிவப்புப் புள்ளிகள். இந்தச் சிவப்பு கார்னெட், கத்தி தோற்றுவிடும் என்று சொல்லிக் கீறிக் காட்டினாள். கல்லில் ஒன்றுமில்லை, கத்தியின் இரும்புதான் பென்சில் கோடு போல அதில் ஒட்டியிருந்தது. இந்தச் சாம்பல் நிறம் குவார்ட்ஸ், இந்த வெள்ளை ஃபெல்ட்ஸ்பார் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். கத்திக்கு எதுவும் மசியவில்லை. இதுதான் வேண்டும் என்றாள்.

பழனிச்சாமி பச்சைக் கல்லுக்காகக் கோபித்துக்கொள்வார் என்று கோவிந்தராஜன் பயந்துகொண்டிருந்தான். அவரோ சிரித்துவிட்டார்.

"ஏனுங்க அம்மணி, நீங்க நம்ம யார்டுக்கே வேலைக்கு வந்துருங்களேன். வர்றவங்க இது என்ன கல்லு, தாங்குமான்னு கேக்குறாங்க. எனக்கு விக்கத்தான் தெரியும், பதில் சொல்லத் தெரியறதில்லீங்க."

கிரகப்பிரவேசம் முடிந்த திங்கட்கிழமை வந்து சேர்கிறேன் என்று சொர்ணம் சொன்னாள். யோசித்துச் சொல்கிறேன் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. வரும் வழி முழுக்க ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து கோவிந்தராஜன் காதில் பேசிக்கொண்டே வந்தாள். அத்தனை வருஷம் பட்டதெல்லாம் அன்றைக்கு அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

கிரகப்பிரவேசத்துக்கு ஆஸ்டின் டவுனிலிருந்து கோவிந்தராஜனின் அக்கா பாஞ்சாலி வந்திருந்தாள். கை தாராளம், வாய் அதைவிடத் தாராளம். பால் காய்ச்சுவதற்கு முன்னால் மஞ்சளை நல்லெண்ணெயில் குழைத்து, புது அடுப்புக்கும் மேடைக்கும் ஐந்து இடத்தில் அழுத்தி வைத்து, மேலே குங்குமம் இட்டாள். மேடையின் ஓரத்தில் காமாட்சி விளக்கு. திரி கொஞ்சம் பெரிதாகப் போய் எண்ணெய் வழிந்தது. நல்ல நாளில் அதை யார் துடைப்பார்கள்? கல்லைப் பார்த்தவர்கள் எல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கிறதே என்று வாயைப் பிளந்தார்கள். எல்லாரிடமும் சொர்ணம் கார்னெட்டைக் காட்டினாள்.

மறுநாள் காலையில் பாஞ்சாலிதான் முதலில் சமையலறைக்குள் போனாள். ஈரத் துணியால் துடைத்தாள், சோப்புப் போட்டுத் துடைத்தாள், எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தாள். பிறகு சொர்ணத்தைக் கூப்பிட்டாள்.

"இன்னா சொர்ணம், நீ எடுத்த கல்லு எண்ணெய் குடிக்குது?"

மஞ்சள் வைத்த ஐந்து இடமும் மஞ்சளாகவே இருந்தது. விளக்கு வைத்த இடத்தில் ஒரு தட்டு அகலத்துக்குக் கறுத்த வட்டம். பாஞ்சாலி கெட்டவள் இல்லை. போனால் போகட்டும், அதன் மேல் மிக்ஸியை வைத்துக்கொள் என்றுதான் ஆறுதல் சொன்னாள். ஆனால் கூடத்தில் படுத்திருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து வந்து பார்த்தார்கள். கல்லுக்குப் படித்த பெண் பார்த்து எடுத்த கல்லா இது என்று ஒருவர் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. சொர்ணத்துக்குத்தான் காது மடல் வரை சுட்டது.

எல்லாரும் ஊருக்குக் கிளம்பிப் போனதும் கொல்லைப்புறத்துக்கு வந்தாள். மேடைக்கு வெட்டியது போக மிஞ்சிய துண்டுகள் சுவரோரம் கிடந்தன. ஒன்றை எடுத்துத் திருப்பினாள். பாலிஷ் போட்ட முகம் மெழுகு தடவிப் பளபளவென்றிருந்தது. பின்பக்கம் மெழுகு இல்லை. அங்கே வெயிலில் எப்படித் திருப்பினாலும் ஃபெல்ட்ஸ்பார் ஒளி விடவில்லை. சுண்ணாம்பு போல மங்கிக் கிடந்தது. பூமிக்குள்ளேயே தண்ணீர் பட்டுப் பட்டுப் பாதி மக்கிப்போன ஃபெல்ட்ஸ்பார். முழுக்க மக்கியிருந்தால் கத்தியே காட்டிக் கொடுத்திருக்கும். பாதி மக்கல் கத்தியை ஏமாற்றிவிடும். அதற்கென்று ஒரு சோதனை உண்டு. ஃபெல்ட்ஸ்பார் மக்கினால் களிமண்ணாகும், களிமண் நாக்கில் ஒட்டும். கல்லில் நாக்கை வைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கல்லூரியில் அந்தச் சோதனையை அவள் ஒரு தடவைகூடச் செய்ததில்லை. பையன்கள் எதிரில் கல்லில் நாக்கை வைப்பதா? பக்கத்துப் பெண்ணைக் கேட்டு, ஒட்டுகிறது, ஒட்டவில்லை என்று எழுதிவிடுவாள். யார்டிலும் அது ஞாபகத்துக்கு வராமல் இல்லை. கணவனும் அத்தனை ஆண்களும் பார்த்துக்கொண்டு நிற்கும்போது ஒரு பெண் நாக்கை நீட்டுவதா என்று அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, கத்தியை மட்டும் பெரிதாக வீசிக் காட்டினாள்.

இப்போது கொல்லையில் யாருமில்லை. துண்டின் பின்பக்கத்தில் நாக்கை வைத்தாள். கல் அதைப் பிடித்துக்கொண்டது. இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

முதலில் வெட்கமாக இருந்தது. அப்புறம் தன் மேலேயே கோபம் வந்தது. கடைசியில் வந்ததுதான் விசேஷம். அவளுக்கு நிம்மதியாக இருந்தது. படிப்பு அவளைக் கைவிடவில்லை, அவள்தான் படிப்பைப் பாதியில் கைவிட்டிருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. அதைச் சரி செய்துகொள்ளலாம்.

திங்கட்கிழமை அவள் யார்டுக்குப் போனபோது அங்கே ஓஸ்வால்ட் வந்திருந்தார். ரிச்சர்ட்ஸ் டவுனில் பரம்பரை பரம்பரையாக இருக்கும் குடும்பம். இப்போது பழைய பங்களாக்களை இடித்து அபார்ட்மென்ட் கட்டுகிறார். அத்தனை வீட்டுச் சமையலறைக்கும் அதே வெள்ளைக் கல்லைப் பேசி முடித்திருந்தார். மிஞ்சியது அவர் தலையை ஆட்டுவது மட்டும்தான். யார்டு ஆரம்பித்ததிலிருந்து பழனிச்சாமி இத்தனை பெரிய ஆர்டரைப் பார்த்ததில்லை. சொர்ணத்தைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து, இதுதான் நம்ம கல் நிபுணர் என்று அறிமுகம் செய்துவைத்தார். அன்றைக்குச் செய்த கத்தி வித்தையைச் சாருக்கும் ஒரு தடவை காட்டச் சொன்னார்.

வேலை கிடைத்து இன்னும் நாற்காலியில்கூட உட்காரவில்லை. கத்தியைக் காட்டினால் கல் ஜெயிக்கும், வேலையும் நிற்கும். அவள் காட்டுவது ஒன்றும் பொய்யில்லை. ஆனால் அத்தனை வீட்டிலும் யாராவது ஒரு பாஞ்சாலி அக்கா மஞ்சளும் எண்ணெயும் வைப்பாள். வேலை போனால் இனி இன்னொரு கல் வேலை எங்கே கிடைக்கும் என்ற பயம் வந்தது. பயம் பாட்டுக்கு இருக்கட்டும் என்று பையைக் கீழே வைத்தாள். பலகையின் பின்பக்கம் போனாள். முந்தானையால் ஓரிடத்தைத் துடைத்து, நாக்கை நீட்டி வைத்தாள்.

ஆட்கள் கையில் பிடித்த கல்லோடு நின்றுவிட்டார்கள். ஓஸ்வால்ட் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒன் மினிட். இவங்க என்ன பண்றாங்க, பழனிச்சாமி?"

பழனிச்சாமிக்குத் தெரிந்தால்தானே சொல்வார். சொர்ணம் நிமிர்ந்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"சார், இந்தக் கல்லு நல்ல கல்லுதான், கத்திக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா உள்ள பாதி மக்கியிருக்கு, எண்ணெயைக் குடிக்கும். இதே கல்லை என் வீட்டுல போட்டுட்டு, அஞ்சு மஞ்சப் பொட்டும் ஒரு விளக்குக் கறையுமா நிக்கறேன். வந்து பாருங்க. இது செவுத்துல ஒட்டறதுக்கு நல்லா இருக்கும். சமையலுக்கு வேண்டாம்."

பழனிச்சாமியின் முகம் இருண்டது. ஏனுங்க அம்மணி, தண்ணி ஊத்திப் பாத்தா ஆவாதா என்று அடிக்குரலில் கேட்டார். ஊற்றலாம், ஆனால் இந்த வெயிலில் கல் குடித்ததா, காற்று குடித்ததா என்று நாம் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருப்போம், நாக்கு என்றால் சண்டையில்லை என்றாள். பழனிச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பலகையின் பின்னால் போனார். இத்தனை வருஷம் விற்ற கல்லை முதல் தடவையாகச் சுவைத்துப் பார்த்தார். அவர் தலை பின்னால் வருவதற்குக் கொஞ்சம் சிரமப்பட்டது எல்லாருக்கும் தெரிந்தது.

வெளியே வந்து தோள் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். சொர்ணம் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, போகச் சொன்னால் போக வேண்டியதுதான்.

"சரி, இது வேண்டாம்," என்றார் ஓஸ்வால்ட். "அப்போ எது நல்லதுன்னு இவங்களே சொல்லட்டும். ஐ வில் வெயிட்."

பழனிச்சாமி யார்டின் கடைசி வரை நிற்கிற பலகைகளை ஒரு தடவை பார்த்தார். கல் இறக்கும் ஆட்களின் பக்கம் திரும்பினார்.

"டேய், அம்மணிக்கு ஒரு சொம்பு நல்ல தண்ணி கொண்டாங்க. அத்தனை கல்லுக்கும் நாக்கு வெக்கோணுமல்லொ."