அர்த்தம் தெரியாமல் ஆட்டிய தலை

இரண்டு வருடங்களுக்கு முன், தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்ட நேரத்தில் இது நடந்தது. மலேசியாவில் ஈப்போவுக்கு வெளியே இருக்கும் ஒரு கையுறைத் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பேருந்தை நான் ஓட்டுகிறேன். அப்போதும் இதே வேலைதான், இதே பேருந்துதான்.

என் பாதையில் ஒரு பழைய ரப்பர்த் தோட்டம் உண்டு. ரப்பர் போய், எண்ணெய்க்கான செம்பனை வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் மட்டும் ஏழெட்டுக் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. காலை ஷிப்டுக்கு நான்கு பெண்கள் அங்கே ஏறுவார்கள். பெரிய சாலையிலிருந்து உள்ளே இரண்டரைக் கிலோமீட்டர் செம்மண் பாதை. மெதுவாகத்தான் போக முடியும், ஆனால் போகலாம்.

ஒருநாள் ஆட்களை இறக்கிவிட்டு நின்றபோது, போக்குவரத்தைப் பார்க்கப் புதிதாக வந்திருந்த அதிகாரி கைப்பேசியில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே என்னிடம் வந்தார். சின்ன வயதுச் சீனப் பெண். நல்ல மாதிரி. மலாயில்தான் பேசினார். "அங்கிள், ஜாலான் லாடாங் இத்து இம்ப்ராக்டிகல், கான்?" என்று கேட்டார்.

அந்தத் தோட்டத்துப் பாதை இப்படித்தானே என்று கேட்கிறார் என்பது விளங்கியது. நடுவில் வந்த ஆங்கிலச் சொல் விளங்கவில்லை. நான் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். கரடுமுரடு என்பதைத்தான் அப்படிச் சொல்கிறாரோ என்று நானாக நினைத்துக்கொண்டு, "யெஸ், மிஸ்" என்று தலையை ஆட்டினேன். தோட்டத்தில் வளர்ந்த எங்கள் ஆட்களுக்கு இது ஒரு பழக்கம். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டில் நிற்கும்போது தோட்டத்துத் துரை என்ன கேட்டாலும் முதலில் யெஸ். அப்புறம்தான் பக்கத்து ஆளிடம், "என்னய்யா கேட்டாரு?" தோட்டத்தை விட்டு முப்பது வருடம் ஆகியும் அது என்னை விடவில்லை. அன்றைக்குப் பக்கத்தில் கேட்க ஆளும் இல்லை. அவர் கைப்பேசியில் எதையோ குறித்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். நான் டீ குடிக்கப் போனேன்.

அடுத்த வாரம் அறிவிப்பு வந்தது. இனிமேல் பேருந்து தோட்டத்துக்குள் போகாது, லயத்து ஆட்கள் பெரிய சாலை முச்சந்திக்கு வந்து ஏற வேண்டும். ஆபீஸ் முடிவு என்று இருந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், அந்தச் சேற்றில் வண்டியை இறக்க வேண்டாமே என்று கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

முதல் நாள் மூன்று பெண்கள் நனைந்துபோய் நின்றார்கள். நான்காவது அக்காவைக் காணோம். மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் முறிந்து உள்ளே கம்பி வைத்தவர் அவர். இருபது நிமிடம் காத்திருந்தேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, சேறும் தண்ணீருமாக வந்து ஏறினார்.

வண்டி கிளம்பியதும் பின்னால் இருந்த பெண் ஆரம்பித்தாள். "உங்கள நம்பித்தான லா இருந்தோம், அண்ணே. நீங்களே இப்படிப் போட்டுக் குடுத்துட்டீங்க."

"நானா? நான் என்னம்மா பண்ணேன்?"

"தெரியாத மாதிரி கேக்குறாரு பாரு. ஆபீஸ்ல கேட்டோம். டிரைவரே சொல்லிட்டாரு, உள்ள பஸ் வர்றது சரிப்படாதுன்னு."

"விடு லா," என்றார் அந்த அக்கா. "தம்பிக்கு என்ன கஷ்டமோ."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்று முழுவதும் தலை சுற்றியது. நான் எப்போது அப்படிச் சொன்னேன், யாரிடம் சொன்னேன்? எவ்வளவு புரட்டிப் பார்த்தாலும் அந்த அதிகாரியோடு பேசிய ஒரு நிமிடப் பேச்சைத் தவிர வேறு எதுவும் அகப்படவில்லை.

மாலை, கோலாலம்பூரில் வேலை செய்யும் என் மகளைக் கூப்பிட்டு அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டேன்.

"செய்யவே முடியாதுன்னு இல்லப்பா. செய்யலாம், ஆனா நடைமுறைக்கு ஒத்து வராதுன்னு அர்த்தம். ஏன்?"

நடந்ததைச் சொன்னேன். நாளைக்கே போய் மலாயில் சொல்லிவிடுங்கள் என்றாள். எனக்கு ஒரு பிடிவாதம். எந்தச் சொல்லுக்குத் தலையாட்டினேனோ அதே சொல்லை வைத்துத்தான் மாற்றிச் சொல்ல வேண்டும். அப்போதுதான் அவருக்குச் சந்தேகம் இல்லாமல் விளங்கும் என்று தோன்றியது. அவளும் சொல்லிக் கொடுத்தாள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு குழம்பு தெறிக்கும் கறி மீ நூடுல்ஸ் சாப்பிடுவது இம்ப்ராக்டிகல். சரி, நானும் ஒன்று சொல்கிறேன் என்று, ஒரு கையில் குடை பிடித்துக்கொண்டு மோட்டார் ஓட்டுவது இம்ப்ராக்டிகல் என்றேன்.

"அது டேஞ்சரஸ் பா. போலீஸ்காரன் பிடிப்பான்."

எனக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது. ஒரு பப்பாளிப் பழம் வாங்க லாரி எடுத்துக்கொண்டு போவது என்றால் சரியா என்று கேட்டேன்.

"ஆங், அதுதான். கரெக்ட்."

மறுநாள் வண்டி ஓட்டிக்கொண்டே பார்க்கிறதையெல்லாம் இதில் வைத்துப் பார்த்தேன். மூன்றாவது மாடியில் இருக்கும் கிழவர் மாடு வளர்ப்பது. மழைக்காலத்தில் கம்பளத்தைத் துவைத்துப் போடுவது. சில வாக்கியம் பொருந்தியது, சிலது பொருந்தவில்லையோ என்று தோன்றியது. ஆபீஸ் வாசல் வரை போய், கதவின் கண்ணாடி வழியாக அவர் ஆங்கிலத்தில் போன் பேசுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். அதற்கடுத்த நாளும் அப்படியே. நாளைக்கு, நாளைக்கு என்று நான்கு நாள் போய்விட்டது.

ஐந்தாவது நாள் முச்சந்தியில் மூன்று பேர்தான் நின்றார்கள். அக்கா வேலையை விட்டு நிற்பதாகக் கடிதம் கொடுத்துவிட்டாராம்.

அன்று ஆட்களை இறக்கியதும் நேராக ஆபீசுக்குள் போனேன். "மிஸ், ஃபோர் லேடி வாக்கிங் இஸ் இம்ப்ராக்டிகல். பஸ் கோ இன்சைட் இஸ் நாட் இம்ப்ராக்டிகல்." ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவருக்கும் குழப்பம். நீங்கள்தானே அன்றைக்கு ஆமாம் என்றீர்கள் என்று கேட்டார். அதன் பிறகு மலாயில் சொன்னேன். அந்தச் சொல் எனக்கு அன்றைக்குத் தெரியாது மிஸ், கேட்க வெட்கமாக இருந்தது, தலையாட்டிவிட்டேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தானும் வரைபடத்தைப் பார்த்து முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுத்தான் என்னிடம் கேட்டதாகச் சொன்னார். மறுநாள் காலை என் பேருந்தில் ஏறி லயம் வரைக்கும் வந்தார். பன்னிரண்டு நிமிடம்தான் கூடுதலாக ஆனது. திரும்பும்போது பாதி வழியில் நிறுத்தச் சொல்லி, இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்து பார்த்தார். காலில் போட்டிருந்த ஆபீஸ் சப்பாத்து சேற்றில் மாட்டிக்கொண்டது. அடுத்த வாரத்திலிருந்து பேருந்து பழையபடி உள்ளே போகத் தொடங்கியது.

ஆனால் அக்காவின் இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டார்கள். காலி இடம் வந்தால் கூப்பிடுவதாக மிஸ் சொன்னார். நான் அறிந்தவரை வரவில்லை. அக்கா இப்போது லயத்திலேயே இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

"தெரியாதுன்னு சொல்றதுக்கு வரியா கட்டச் சொல்றாங்க, தம்பி?" என்றார். பிறகு உள்ளே போய் மைலோ கலக்கிக்கொண்டு வந்து வைத்தார்.

அது கோபமா, கேலியா, மன்னிப்பா? மைலோவைக் குடித்து முடிக்கும்வரை யோசித்தேன், விளங்கவில்லை. இன்றும் லயத்தில் வண்டியை நிறுத்தும்போது சில நாள் வாசலில் நின்று கையை உயர்த்துவார், சில நாள் உள்ளே போய்விடுவார். ஏன் என்று எனக்குத் தெரியாது.

இப்போதெல்லாம் புரியாத சொல் வந்தால், யார் முன்னால் நின்றாலும், அப்படியென்றால் என்ன என்று கேட்டுவிடுகிறேன். கேட்கும்போது முகம் சூடாகத்தான் செய்கிறது. அந்த வெட்கம் என்னுடையது, ஆனால் அதற்காக மழையில் நடந்தது இன்னொருவருடைய கால் என்பதை என்னால் மறக்க முடியவில்லை.