எது சாமி சேவல்?

அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா சண்டைக்குப் போனதும், அவன் நல்லபடியாகத் திரும்பினால் ஒரு சேவலைத் திருத்தணி மலைக்குக் கொண்டுபோய் முருகனுக்கு விடுவதாக அம்மா வேண்டிக்கொண்டாள். புழக்கடையில் ஒரே அடையில் பொரித்த சிவப்புச் சேவல்கள் இரண்டு இருந்தன. ஒன்றைப் பிடித்துக் காலில் மஞ்சள் கயிறு கட்டினாள். அன்று முதல் அது சாமி சேவல். அடுப்பங்கரையில் புகுந்து அரிசியைக் கொத்தினாலும் அம்மா "போப்பா கண்ணு" என்றுதான் விரட்டுவாள்.

எனக்கு அதைக் கண்டாலே உதறல். அது செத்தால் அண்ணனும் செத்துவிடுவான் என்று யாரும் சொல்லாமலே நானாக முடிவு கட்டியிருந்தேன்.

கால் முள் நீண்டதும் இரண்டுக்கும் சண்டை ஆரம்பித்தது. பெட்டைகளோ நாலைந்துதான். ஊரிலிருந்து வந்த மாமா பார்த்துவிட்டு, "ஒரு கொல்லைக்கு ஒரு சேவல் போதும்கா. இதுங்க ரெண்டுல ஒண்ணு சாவுற வரைக்கும் அடிச்சிக்கினேதான் இருக்கும். கயிறு இல்லாதத அறுத்துடு" என்றார். அம்மாவும் மசாலா அரைத்து வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனாள். பார்த்தால் இரண்டின் காலிலும் கயிறு இல்லை. சண்டையில் அறுந்து எங்கேயோ விழுந்திருக்கிறது.

அம்மா இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கிக் கொண்டையைப் பார்த்தாள், வாலைப் பார்த்தாள். "ஐயோ முருகா, எதுப்பா உன்னுது?" என்று அவளே கேட்டாள். அம்மாவுக்கே தெரியவில்லையென்றால் வேறு யாருக்குத் தெரியும்?

பிறகென்ன, இரண்டுக்கும் ராஜ உபசாரம்தான். ஒன்று மேய்ந்தால் மற்றது கூடைக்குள், கூடைமேல் கல். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தாலும் என் நினைப்பெல்லாம் அந்தக் கூடைமேல். தபால்காரர் வந்தாலும் பயம், சேவல் கூவாவிட்டாலும் பயம். சனியன்களே என்று வாய்விட்டுத் திட்டவும் முடியாது. எது சாமியுடையது என்று தெரியாதே!

கல் வைக்க அம்மா மறந்துபோன ஒரு காலையில் அது நடந்தது. சத்தம் கேட்டு ஓடினேன். வேலியோரம் ஒன்று கழுத்து தொங்கக் கிடந்தது. மற்றது பக்கத்தில் நின்று கூவிக்கொண்டிருந்தது. "அம்மா, அண்ணன்!" என்றுதான் கத்தினேன். சேவல் என்று வாயில் வரவில்லை.

ஓடிவந்த அம்மா செத்ததைக் கையிலெடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பிறகு, "இது சாமி சேவல் இல்லடி, மத்தது. எனக்குத் தெரியாதா? அழுவாத" என்றாள். உயிரோடிருந்ததன் காலில் புதுக் கயிறும் கட்டினாள்.

அப்பாடா! போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. இன்றைக்குக் குழம்புதான் என்று சந்தோஷமாகச் சுள்ளி பொறுக்கப் போனேன். திரும்பி வந்தால், அம்மா அந்தச் சேவலை முருங்கை மரத்தடியில் குழிவெட்டிப் புதைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, கொழம்பு வெக்கலியா?"

"போடி அந்தாண்ட."

மறு ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் அண்ணன் முழுசாக வந்து சேர்ந்தான். அதுவரை அம்மா ஒருவேளைகூட வயிறாரச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோய்விடுவாள். அவ்வளவு கொழுத்த சேவலை வீணாக மண்ணில் போட்டோமே என்ற ஏக்கம்தான் அவளுக்கு என்று நான் நினைத்துக்கொண்டேன்.