பேர் விழாத வேலை

1. சேற்றில் நின்ற துரை

சம்பளம் இல்லாமல் வயலில் வேலை செய்வதற்காக ஒருவன் கைக்காசு போட்டு விமானம் ஏறி வருகிறான் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? நான் நம்பவில்லை.

இலங்கையில் நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நெடுங்காலம் கணக்கப்பிள்ளையாக இருந்தவன் நான். காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வரும் ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்புவேன். கொழுந்து நிறுக்கும்போது பக்கத்தில் நிற்பேன். மாலையில் செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டில் பேர் போடுவேன். முழுநாள் வேலை செய்தவருக்கு ஒரு பேர், குறைத்துச் செய்தவருக்கு அரைப் பேர். பேர் விழுந்தால்தான் சம்பளம். இந்த உத்தியோகம் எவரையும் சந்தேகக்காரராக்கிவிடும். கூடைக்கு அடியில் கல் கிடக்கிறதா என்று நான் பார்ப்பேன். தராசில் நான் விரல் வைக்கிறேனா என்று அவர்கள் பார்ப்பார்கள். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு.

தொண்ணூறுகளில் தோட்டங்கள் கம்பெனிகளின் கைக்குப் போனபோது என்னையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சும்மா இருந்து பழக்கமில்லாமல் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஹாலிஎலயில் எனக்குத் தெரிந்த காணிக்காரர் ஒருவர் ஆள் அனுப்பினார். டவுனுக்குக் கீழே இருந்த அவருடைய வயலை ஒரு ஜப்பான் குடும்பம் குத்தகைக்கு எடுத்திருந்தது. இங்கிலீசும் சிங்களமும் தெரிந்த ஒருவர் மேற்பார்வைக்குத் தேவைப்பட்டார்.

"மருந்து அடிக்க மாட்டாங்களாம், யூரியா போட மாட்டாங்களாம், உழவும் மாட்டாங்களாம்" என்றார் காணிக்காரர். "ஒரு போகம் பாப்பேன். நெல்லு ஒழுங்கா களத்துக்கு வந்து சேரலைன்னா வயலத் திருப்பி எடுத்துருவேன். இப்பவே சொல்லிட்டேன்."

முதல் நாள் போய் துரையைத் தேடினேன். சேற்றில் முழங்கால் வரை நின்றவரைக் காட்டினார்கள். பெயர் ஹிரோஷி. அவருடைய மனைவி யோஷிகோ வரப்பில் உட்கார்ந்து வைக்கோலைப் பிரித்துக்கொண்டிருந்தார். கூடவே வெளிநாட்டுப் பையன்களும் பெண்களுமாகச் சிலர் தலைமுடி வரை சேறாக நின்றார்கள். வாலண்டியர்களாம். என்ன சம்பளம் கொடுக்கிறீர்கள் என்று ஹிரோஷியிடம் கேட்டேன். சம்பளமில்லை, சாப்பாடும் படுக்க இடமும்தான் என்றார். ஜப்பானில் தன் அப்பாவின் வயலுக்கும் இப்படித்தான் வருவார்கள், வேலை பழகிக்கொண்டு போவார்கள் என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு, ஒரு சொல்லையும் நம்பாமல் திரும்பினேன்.

எங்கள் பக்கத்தில் வெளியாள் மண்ணைக் கிளறினால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது புதையல்தான். வாலண்டியர்கள் வீட்டுக்குப் பின்னால் ஆழமாக ஒரு குழி வெட்டியிருந்தார்கள். ஆள் இல்லாத நேரம் பார்த்து நானே இறங்கிக் கையை விட்டுத் துழாவினேன். மாட்டுச் சாணமும் அழுகிய இலையும் கிடைத்தன. அந்த நாற்றம் சோப்புப் போட்டும் போகவில்லை. என் வீட்டில் அன்று எனக்குச் சாப்பாடு வாசலில்தான்.

வேலைக்கு என் பழைய தோட்டத்துப் பெண்களையே கூட்டி வந்தேன். கம்பெனி கிழமை ஏழு நாளில் பாதி நாள்தான் வேலை கொடுத்தது. மிச்ச நாளில் அடுப்பு எரிந்தது இந்த வயலால்தான். அவர்களுக்குத் தலைவி பாக்கியம். யாரும் வைத்த தலைவி இல்லை, அவள் வாய் வைத்த தலைவி.

"சும்மா வேல செய்ய யாருங்கய்யா வருவா?" என்று வாலண்டியர்களைக் காட்டிக் கேட்டாள். "இதுக கூலியில்லாம செஞ்சா நாளைக்கு நம்மள எதுக்குக் கூப்புடுவாங்க? நம்ம வயித்துல அடிக்கத்தான் வந்துருக்குதுக."

எனக்கும் அதே பயம் இருந்தது.

2. நடவு நாள்

நாற்று நடும் காலையில் புதிதாக ஒரு கூட்டம் வந்தது. பக்கத்துச் சிங்களக் கிராமத்து ஆட்கள். முன்னால் வந்தவர் பியதாச, எங்களுக்குக் கீழ் வயல்காரர். அவருடைய மனைவி சோமா, இன்னும் பத்துப் பதினைந்து பேர். யாரும் கூப்பிடவில்லை. வந்தார்கள், சாரத்தை மடித்துக் கட்டினார்கள், சேற்றில் இறங்கிவிட்டார்கள்.

வயலில் இறங்கி உழைத்தவன் பிறகு அதில் பாத்தியதை கேட்டு வழக்குப் போடுவான் என்று பதுளைக் கோர்ட்டுப் பக்கம் கதை கதையாகக் கேட்டிருக்கிறேன். இன்று சும்மா நட்டுவிட்டு நாளைக்கு வயலையே கேட்டால்? கூலியாட்களாகப் பதிந்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை என்று கணக்குப் போட்டேன். செக்ரோலைத் திறந்து வரப்பில் நின்று, சிங்களத்தில் ஒவ்வொருவராகப் பேர் சொல்லுங்கள் என்றேன். இன்றைய கூலி இவ்வளவு என்றும் சொன்னேன்.

எல்லோரும் நிமிர்ந்தார்கள். பியதாச கையிலிருந்த நாற்று முடியை மெதுவாகத் தண்ணீரில் வைத்தார். "நாங்கள் கூலிக்கு வந்த ஆட்கள் இல்லை" என்று சிங்களத்தில் சொன்னார். அவ்வளவுதான். வாய்க்காலில் காலைக் கழுவிக்கொண்டு அத்தனை பேரும் போய்விட்டார்கள்.

பாக்கியத்துக்குச் சிங்களம் பேச அரைகுறையாகத்தான் வரும், ஆனால் நன்றாக விளங்கும். "கூலிக்கு வந்தா அவ்வளவு கேவலமா? அப்ப நாங்க என்னவாம்?" என்றாள். அன்று முழுக்க அவள் முகம் சரியாகவில்லை.

மறுநாள் யோஷிகோ, சோமாவின் வீட்டுக்கே போய்த் தனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் விசாரித்து வந்தார். அவர்கள் செய்ய வந்தது 'அத்தம்'. இன்று நான் உன் வயலில் ஒரு நாள், பிறகு நீ என் வயலில் ஒரு நாள். தலைக்குத் தலை. அதில் காசை நீட்டினால், உன் வயலுக்கு நான் வரமாட்டேன், என் வயலுக்கு நீயும் வராதே என்று சொன்னதற்குச் சமம். ஜப்பானில் தன் ஊரிலும் நடவுக்கும் கூரை வேய்வதற்கும் இதே வழக்கம் உண்டு என்று யோஷிகோ ஆச்சரியப்பட்டார். அத்தம் என்ற சொல்லை நானும் கேட்டிருந்தேன். சொந்தக்காரர்களுக்குள் நடப்பது என்று இருந்துவிட்டேன். ஜப்பான்காரர் இவர்களுக்கு எந்த முறையில் சொந்தம்?

நடவு எப்படியோ முடிந்தது. பல நாள் இழுத்தது, அவ்வளவுதான்.

3. அடுத்தவர் நெல்

உழாத வயலில் பயிர் வராது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். வந்தது. பழைய நெல் இனம், நல்ல உயரம். முற்றியதும் கதிரின் பாரத்தில் சாயத் தொடங்கியது. அதே கிழமை நமுனுகுல மலை உச்சி கருத்து மூடிக்கொண்டது. மழை இறங்கினால் சாய்ந்த நெல் சேற்றிலேயே முளைத்துவிடும். காணிக்காரர் தினமும் வந்து வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போனார். வாலண்டியர்கள் விசா முடிந்து போய்விட்டார்கள், ஒரு பெண்தான் மிச்சம். பாக்கியத்தின் ஆட்கள் மட்டும் அறுத்து முடிக்கிற அளவு இல்லை.

"நாளைக்குப் பியதாசவின் வயலை அறுக்கப் போவோம்" என்றார் யோஷிகோ.

நம்முடைய நெல் சாய்ந்து கிடக்கிறது, அடுத்தவன் நெல்லை அறுக்கப் போவதா? அறுத்து வாங்கிக்கொண்டு அவர்கள் கதவைச் சாத்திவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? இதை ஹிரோஷியிடம் சொல்லிப் பார்த்தேன். "அவர்களும் நம்மைப் பற்றி இதையேதான் யோசித்திருப்பார்கள். யாராவது முதலில் போக வேண்டும்" என்றார் ஹிரோஷி.

பாக்கியத்திடம் சொன்னேன்.

"பேர் விழாத வேலைக்கு நாங்க வரமாட்டோங்கய்யா" என்றாள். "எங்க பாட்டன் காலத்துல இருந்து பேர் விழாம செஞ்ச வேலையே போதும். அதுவும் கூலின்னா மூஞ்சியச் சுளிச்சவங்க வயலுக்கா? நீங்க போங்க. நாங்க இங்கின அறுக்குறோம், பேரப் போடுங்க."

அவள் சொன்னதில் குற்றமில்லை. மனதுக்குள் நானும் அவள் கட்சிதான்.

நாங்கள் நான்கு பேர் போனோம். ஹிரோஷி, யோஷிகோ, அந்த வாலண்டியர் பெண், நான். ஜப்பான்காரரைப் பார்த்துச் சிரித்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. யுத்த காலம் அது, தமிழன் என்றாலே சந்தேகம். ஒருவன் வந்து எந்த ஊர், யார் அனுப்பினார்கள் என்று விசாரித்துவிட்டு அடையாள அட்டையைக் கேட்டான். கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகும் நாள் முழுக்க என் கையையும் அரிவாளையும் யாராவது பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மற்றவர் கையைப் பார்த்தே காலம் தள்ளியவனுக்கு அது எவ்வளவு எரிச்சலான விஷயம் என்று அன்றுதான் தெரிந்தது.

மத்தியானம் சோமா வாழையிலையில் சோறு கொடுத்தார். என் இலையில் குறைத்து வைத்திருக்கிறாரா என்று பக்கத்து இலையை எட்டிப் பார்த்தேன், மறைப்பானேன். எல்லாருக்கும் ஒரே சோறு, ஒரே கருவாடு. மாலையில் காலைக் கழுவிக்கொண்டு வந்தோம். யாரும் ஒன்றும் எழுதவில்லை. இடுப்பு ஒடிய வேலை செய்த ஒரு நாள் எங்கேயும் பதியாமல் போனது எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் வரப்பில் வந்து நின்றேன். பியதாச வந்தார், சோமா வந்தார், பின்னால் இரண்டு பேர். அதற்குப் பின்னால் பாதை காலியாக இருந்தது.

"நாலு பேர்தானா?" என்று கேட்டேன்.

"நீங்களும் நாலு பேர்தானே வந்தீர்கள்" என்றார் பியதாச.

கோபமாக அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

பாக்கியம் பக்கத்து வரிசையில் இருந்து அவர்களைக் கண்காணித்துக்கொண்டே அறுத்தாள். "மழை தூறட்டும் பாருங்க, ஓடிருவாங்க" என்றாள். மத்தியானத்துக்குப் பிறகு தூறியது. அவர்கள் ஓடவில்லை. பெண்களுக்கு வேலை முடியும் நேரம் வந்தது. தோட்டத்துப் பழக்கம், அந்த நேரம் வந்தால் கத்தி தானாகக் கீழே வைக்கப்படும். அறுத்த கட்டுகள் பாதி இன்னும் வயலில் கிடந்தன. அதிகப்படி நேரத்துக்குக் காசு தருகிறேன் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் சோமா தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பாக்கியத்தின் எதிரில் வந்து நின்றார். ஒரு கட்டைத் தூக்கி, பிடி என்பது போல நீட்டினார். பாக்கியம் என்னைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், கட்டை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். மற்றப் பெண்களும் திரும்பி வந்தார்கள். பிறகு யார் யாருடைய ஆள் என்று பார்க்க எனக்கே நேரமில்லை.

கீழ் மூலை மட்டும் நனைந்து வீணானது. மிச்சம் முழுக்கக் கொட்டகைக்குள் வந்துவிட்டது. மழை கொட்டும்போது குடையோடு வந்த காணிக்காரர் குவியலைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "சரி, அடுத்த போகமும் செய்யச் சொல்லுங்க" என்றார். யோஷிகோ அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது.

பெண்களுக்குப் பேர் போட, கொட்டகை மூலையில் செக்ரோலை விரித்தேன். அப்போது பாக்கியம் அரைகுறைச் சிங்களத்தில் சோமாவிடம் கேட்பது காதில் விழுந்தது. உங்களுக்கு இன்னும் மிச்சமிருக்கிற மேட்டு வயல் அறுப்பு எப்போது?

அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். "பேர் விழாதே, தெரியுமா?"

"தெரியுங்கய்யா. அந்தம்மா நேரம் முடிஞ்சும் போகாம நின்னுச்சுல்ல. நான் போகலைன்னா இனிமே என்னையத்தானே சந்தேகமாப் பாக்கும்?"

வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். சந்தேகப்படாதே என்று நான் சொல்ல மாட்டேன், அது பொய். கணக்கைப் பாருங்கள், தராசைப் பாருங்கள். ஆனால் எதிரில் நிற்பவரும் உங்களை அப்படியேதான் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றால் நெல் வயலிலேயே முளைத்துவிடும்.

மேட்டு வயல் அறுப்புக்குப் பாக்கியம் தன் ஆட்களோடு போனாள். நானும் போனேன். இவர்களை ஏமாற்றிவிடுகிறார்களா என்று பார்க்கத்தான் போனேன். சும்மா நின்று பார்ப்பது நன்றாக இருக்காது என்பதால் சாயங்காலம் வரை அறுத்தேன்.