மைண்டிலிருந்து வழுக்கிய தெவசம்

“உனக்கு வேற வேலையே இல்லையாடி? எதையோ மறந்துட்டேன்னியேன்னு ‘ஸ்லிப் ஆயிடுச்சா’ன்னு நான் கேட்டா ஆமான்னு சொல்லிட்டுப் போவியா, கிழவிக்கு அந்த இங்கிலீஷ் ஏதுன்னு வந்து நிக்கற. அடுப்புல பால் பொங்குது, போய்ப் பாரு.”

பக்கத்துப் போர்ஷனுக்குப் புதிதாகக் குடிவந்த பெண்ணை இப்படித்தான் விரட்டினேன். பாலை இறக்கி வைத்துவிட்டுத் திரும்ப வந்தாள். அதனால் சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் தாம்பரத்தில் எங்கள் தெருவுக்கே டீச்சர் வீட்டில் மட்டும்தான் போன். டெல்லியில் வேலை பார்த்த என் ஒரே மகன் அதில்தான் கூப்பிடுவான். முதலில் வாராவாரம், பிறகு தோன்றினால்.

அந்த வருடம் அவன் அப்பாவின் தெவசத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். ஐயர் வந்து உட்கார்ந்தார். ஆட்டோ சத்தம் கேட்டபோதெல்லாம் வாசலுக்குப் போனேன். கடைசியில் என் மச்சினரை உட்கார வைத்துக் காரியத்தை முடித்தோம்.

அடுத்த ஞாயிறு போன் வந்தது.

“சாரிம்மா. மைண்ட்லேர்ந்து ஸ்லிப் ஆயிடுச்சு.”

“இன்னாடா ஆச்சு?”

“நடுவுல ஒருநாள் மைண்டை கிராஸ் பண்ணுச்சு. அப்புறம் ஸ்லிப் ஆயிடுச்சு.”

“மறந்துட்டியான்னு கேக்கறேன்.”

“மறக்கலம்மா. ஸ்லிப்.”

வைத்துவிட்டான். டீச்சரிடம் அர்த்தம் கேட்டேன்.

“மனசுலேருந்து வழுக்கிடுச்சாம்க்கா. இங்கிலீஷ்ல அப்படிச் சொல்றதுதான்.”

“கிராஸ்?”

“நெனப்பு மனசுக்குக் குறுக்கால போறது.”

“ஜி.எஸ்.டி. ரோட்ல ஆடு போற மாதிரியா?”

டீச்சர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கெட்டிக்காரப் பாஷைதான். மறந்துட்டேன் என்று நாம் சொன்னால், மறந்த ஆள் எதிரில் தலைகுனிந்து நிற்கவேண்டும். அவன் சொன்னதில் மறந்த ஆளே இல்லை. செத்துப்போன மனுஷன்தான் தானாக வழுக்கி விழுந்திருக்கிறார். அவர் வழுக்கிய அந்த மனசில் நான் எத்தனை நாள் நிற்பேன் என்று யோசித்தபடியே வெளியே வந்தேன்.

தண்ணி லாரிக்குக் குடத்தோடு நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“இன்னாக்கா, புள்ள இன்னா சொல்லுது? ஏன் வர்லியாம்?”

“கெளம்பினவன் அவங்கப்பா போட்டோவைப் பாத்து அழுது காய்ச்சல்ல படுத்துட்டானாம்,” என்றேன். “இப்பகூடப் பேச முடியல. நான்தான் வைடான்னு சொல்லிட்டேன்.”